தெரிந்தே தூவிய உப்பு

முந்தாநாள் பெய்த மழைக்கு எங்கள் அயனம்பாக்கம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது: 'தவளை வந்தால் வாசலில் கல் உப்பு தூவவும்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். நான் போடவில்லை.

கல்யாணமான புதிதில் மேனாம்பேட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பயிர் நிறுத்திய வயல். மழை வந்தால் குளம்தான். நான் தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி மலர், "இன்னிக்கு இன்னா பாடம் நடத்துனீங்க?" என்பாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் தூங்குகிற கூட்டத்தைவிட இந்த ஒருத்திக்கு நடத்துவதில்தான் எனக்குப் பெருமை.

குளியலறைச் சலதாரை வழியாக ஒரு தவளை வந்து ஈரத் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு உட்காரும். அது வாயால் குடிக்காது, அடிவயிற்றுத் தோல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும் என்று ஒருநாள் சொன்னேன். உப்புப் பட்டால் அதே தோல் வழியாக உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்பதையும் விடவில்லை. சவ்வூடு பரவல், முழுப் பாடம். அன்றிலிருந்து மலர் அதற்கென்று தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். "குட்ச்சிருச்சு பாருங்க, வவுறு உப்பிகினு கீது" என்று சிரிப்பாள்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது வீட்டுக்கார அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாத்தியாரே, தவள இருந்தா பின்னாலயே பாம்பு வரும். புள்ளத்தாச்சி கீற ஊடு. ரெண்டு கை கல்லுப்பு போடு, ஓடிப்பூடும்."

ஓடிவிடும் என்று நானும் நம்பினேன். நம்பினேன் என்று இப்போது சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருக்கிறது. மலர் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்துத் தூவினேன்.

திரும்பி வந்தவள் கால் கழுவப் போனாள். மூலையில் உப்புக் கற்களுக்கு நடுவே தோல் சுருங்கி, தரையோடு ஒட்டிக் கிடந்தது தவளை. அந்த வயிற்றோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றினாள். "குடு, நான் ஊத்துறேன்" என்றேன். தரவில்லை. எவ்வளவு ஊற்றியும் அது அசையவில்லை.

"ஊட்டுக்காரம்மா என்னாண்டயும்தான் உப்பு போடச் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீங்க தெரிஞ்சிகினே போட்டீங்களே."

பாம்பு, குழந்தை என்று ஏதோ உளறினேன். வெட்கமாக இருந்தது.

அந்த வயல் மனையாகி, வீடுகளாகிவிட்டது. மழை விட்டதும் காதைப் பிளக்கும் தவளைச் சத்தம் அங்கே போயே போய்விட்டது. மகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போகிறாள். மலர் என்னிடம் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. ஓய்வு பெறும்வரை தினமும் பள்ளியிலிருந்து வந்தேன், தினமும் சூடாகக் காபி கொடுத்தாள். என்ன பாடம் என்று மட்டும் கேட்கவே இல்லை.