ஹெப்சிபா டீச்சரின் விசா

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஹெப்சிபா டீச்சரை "அது ஒரு லூசு" என்று எவனாவது சொன்னால், அன்றைக்கு என் கடையில் அவனுக்கு ஒரு பல்புகூடக் கிடையாது. என் பெயர் முத்துப்பாண்டி, விளாங்குடியில் எலெக்ட்ரிக்கல் கடை. டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை.

சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு சீரியல் பல்பு கட்டப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். யோசேப்பாக நடிக்க வேண்டிய ஆள் வயிற்றுவலி என்று வரவில்லை. மரியாளாக நின்ற டீச்சர் அசரவே இல்லை. "இந்த மனுசன் சத்திரத்துல ரூம் கேக்கப் போயி ரெண்டு மணி நேரமாச்சு, எங்க நின்னு டீ குடிக்கிறாரோ" என்று அட்டையில் வெட்டிய ஆட்டிடம் புலம்ப ஆரம்பித்து, எழுதாத வசனத்திலேயே இருபது நிமிடம் ஓட்டினார். சிரித்த சிரிப்பில் நான் ஏணியிலிருந்து விழப் பார்த்தேன்.

அதன்பிறகு ஞாயிறு சாயங்காலங்களில் என் கடை மாடியில் நாங்கள் இரண்டு பேரும் நடிக்க ஆரம்பித்தோம். பார்க்க வந்தவர்கள் ஒரு சொல் கொடுப்பார்கள், அதிலிருந்து கதையை அங்கேயே பிடிக்க வேண்டும். இதற்கு இம்ப்ரோவ் என்று பெயர், இதற்கென்றே உலகமெங்கும் விழா நடக்கிறது என்பதெல்லாம் டீச்சர் யூடியூபில் பார்த்துச் சொன்னதுதான். சட்டம் ஒன்றே ஒன்று. கூட நடிக்கிறவர் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. திருடன் என்றால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, எதைத் திருடினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் நகைச்சுவை விழாவுக்கு நாங்கள் நடித்த வீடியோவை டீச்சர் அனுப்பினார். டீச்சரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் சுமாராகத்தான் நடிப்பேன், அதில் வருத்தமில்லை. அந்த மெயிலை எனக்கு ஐந்து தரம் படித்துக் காட்டினார்.

"இதுக்குத்தாண்ணே இம்புட்டு நாளா இருந்திருக்கேன் போல" என்றார்.

விசா நேர்காணல் சென்னையில். கிளம்புகிற அன்று பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று நாலு தரம் திறந்து பார்த்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்?

"இதுவும் ஒரு சீன்தான் டீச்சர். அந்த ஆபீசரையும் உங்ககூட நடிக்கிற ஆளுன்னு நினைச்சுக்கங்க, பயம் போயிரும்" என்றேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வெள்ளைக்காரருண்ணே. எல்லாம் கேட்டுட்டுக் கடைசியா, குடும்பம் குட்டி ஒண்ணும் இல்லையே, அங்கேயே தங்கிருவீங்களோன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா சார், பனிக்குள்ள இட்லிக் கடை போடப் போறேன், மாவு பொங்குமான்னுதான் கவலைன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

அந்த 'ஆமா' வினையாகப் போகிறது என்று எனக்கு அப்போதே பட்டது. எட்டாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. இவர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லையென்று விசாவை மறுத்து உள்ளே ஒரு தாள். சிரித்த மனுசன் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வருடம் வேறொரு நாட்டில் கூப்பிட்டார்கள். முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லையென்று போடச் சொல்லிக் கெஞ்சினேன். "பொய் எழுத மாட்டேண்ணே" என்று உள்ளதை எழுதினார். அதுவும் போயிற்று. மூன்றாவதாக வந்த அழைப்புக்கு அவர் பதிலே போடவில்லை. மாடிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

போன மாதம் அவர் பள்ளிக்கு ஃபேன் மாட்டப் போனேன். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நாந்தான் கெடுத்தேன் டீச்சர். சீன்னு நினைச்சுக்கங்கன்னு நாந்தானே சொன்னேன்."

"விடுங்கண்ணே" என்றார், தலை நிமிராமல். "நான் சொன்ன அந்த இட்லிக் கடை நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு டீச்சர்."

"எனக்குக் கெடச்ச வெளிநாட்டு ஆடியன்ஸ் அந்த ஒரு ஆளுதாண்ணே" என்று அடுத்த தாளை எடுத்தார்.