கானில் இறங்காத சடைச்சி

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், 1912இல் நிலம் அளக்க வந்த ஜெர்மன்காரருக்குச் சங்கிலி பிடித்தவள் சடைச்சி. 'லிங்க்ஸ்' என்றால் இடது, 'ரெஹ்ட்ஸ்' என்றால் வலது, 'கெராடே' என்றால் நேர். ஒரே மாதத்தில் அத்தனையும் அவளுக்குப் பாடம். முகம் பார்த்து நேராகப் பேசுகிற ஆளையும் எங்கள் ஊரில் 'கெராடே' என்போம் என்று அவர் அரைகுறைத் தமிழில் சொல்லியிருந்தார்.

தோட்டத் துரையின் குதிரை வந்தால் கூலிகள் பாதையை விட்டு ஓரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி, சேற்றில் நிற்க வேண்டும். அந்தக் கேவலத்துக்கு மரியாதை என்று பெயர்.

ஜெர்மன்காரர் போன மறுவாரமே குதிரை எதிரே வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். தலையில் ரப்பர் பால் வாளியோடு சடைச்சி மட்டும் பாதையிலேயே நின்றாள்.

"ஏய், கானுக்குள்ள எறங்குடி!" என்று கத்தினார் கங்காணி வீரணன்.

"இந்த ரோட்ட அளந்தவங்க நாங்க, கங்காணி. எட்டடி இருக்கு. எனக்கு ரெண்டடி போதும். மிச்சத்துல தொரைய போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கெராடேயாக நடந்தாள். லிங்க்ஸ் பக்கம் ஒதுங்கியது குதிரைதான்.