உறைப்பை நான் பாத்துக்கொள்ளுறன்

ரயிலைத் தன் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு கப்பல் கடலைக் கடக்கிறது. இத்தனை மாதம் அகதி முகாமில் கிடந்த எனக்கு இனி ஹொல்ஸ்டெப்ரோதான் ஊராம். என்னை யாரும் கேட்கவில்லை. அவர்களே முடிவெடுத்துவிட்டுச் சொன்னார்கள். முகாமில் சாப்பாடும் அப்படித்தான். அவித்த உருளைக்கிழங்கையும் மண்ணிறச் சோஸையும் அவர்களே அளந்து தட்டில் வைப்பார்கள்.

கப்பலின் மேல்தட்டில், என் வாங்கிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் ஈக்வடோர்காரி. எங்களுக்குப் பொதுவாக இருப்பது அரைகுறை டேனிஷ்தான். டப்பாவைத் திறந்து, உள்ளே சீஸ் வைத்துப் பொரித்த உருளைக்கிழங்கு ரொட்டி ஒன்றின் மேல் நிலக்கடலை அரைத்த கச்சான் குழம்பை ஊற்றி நீட்டுகிறாள். திரும்பவும் உருளைக்கிழங்கு! மரியாதைக்குக் கடிக்கிறேன். சீஸ் இளகுகிறது, கச்சான் மணக்கிறது. துளி உறைப்பில்லை.

“மிளகாய் போட மறந்திட்டீங்களோ?”

“மறக்கேல்லை.” அரைத்த மிளகாயும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் கலந்த சின்னப் போத்தலை எடுத்து வைக்கிறாள். “எங்கட வீடுகளில சமைக்கிற ஆள் உறைப்புப் போடுறதில்லை. எவ்வளவு வேணுமெண்டு சாப்பிடுற ஆள்தான் முடிவெடுக்கிறது.”

போத்தலை வாங்கிக் கவிழ்க்கிறேன். அடுத்த கடியிலேயே கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன. எதிரே இருந்த டேனிஷ் கிழவர் பதறிப்போய்த் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறார்.

“வேண்டாம்,” என்கிறேன்.

இந்த நாட்டில் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே சொல்வது இதுதான் முதல் தடவை. மிளகாய்ப் போத்தலை இன்னொரு முறை கவிழ்க்கிறேன்.