முந்தி

டெம்போ சந்துக்குள் நுழையுமுன் சிவசங்கரன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் நடப்பார். கை எதிலும் இடிக்காவிட்டால் வண்டி போகும். சிக்பேட்டைப் புடவைக் கடைகளுக்குச் சரக்கு இறக்குவதில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதுதான் அளவுகோல்.

"ஸ்கூட்டர் யார்துப்பா? நீயே எடுத்துடு ராஜா, நான் எடுத்தா ஹேண்டில் கோணிக்கும்" என்பார். குரலில் கோபம் இருக்காது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

எட்டரைக்கு மேல் நிற்கும் சரக்கு வண்டிக்குப் போலீஸ் பூட்டுப் போட்டுவிடும். அதற்குள் பதினொரு கடை. ஒரு கடைக்காரர் அப்போதுதான் பல் தேய்ப்பார். இன்னொருவர் பூஜை முடியாமல் மூட்டையைப் படியேற விடமாட்டார். இந்த மகாராஜாக்களுக்காக ஆறு மணிக்கே டீயோடு ஒரு வலி மாத்திரையும் விழுங்கிவிட்டு நிற்பார்.

இன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பத்து மணிக்கு மனைவி மங்களத்துக்குக் கண் ஆபரேஷன். ஒன்பதுக்குள் கூட ஆள் வராவிட்டால் டாக்டர் தொடமாட்டார். இவரால் ஏற்கெனவே இரண்டு தேதி போயிற்று. மங்கிய கண்ணோடு அவளே தேய்த்த சட்டை; முதுகில் ஒரு கோணல் மடிப்பு விழுந்திருந்தது. "எட்டரைக்கு வேலையை முடிச்சுடுவேன், இந்தத் தடவை சத்தியம்" என்று சொல்லிவிட்டுத்தான் காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து கிளம்பினார்.

டெம்போவின் பின்கதவைத் திறந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. சந்தின் முதல் கடையான கோமளா ஸ்டோர்ஸின் மூட்டைகள், டிரைவர் முதுகை ஒட்டி எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தன. மொத்தச் சரக்கையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

"கோமளா முந்தின்னு போன்ல சொன்னேனேப்பா, மஞ்சுநாத்."

"நீவே முந்தே அந்தா ஹேளித்ரி, சார். நீங்க சொன்னபடி முந்தேதான் வெச்சேன்."

அத்திபெலே கிடங்கில் லோடு ஏற்றி ஓட்டிவந்த மஞ்சுநாத் கன்னடக்காரர். அவருக்கு முந்தே என்றால் முன்பக்கம்; முதலில் என்றல்ல. சிவசங்கரனுக்கு இது தெரியாததல்ல. தூக்கக் கலக்கத்தில் வாய் தமிழுக்குப் போய்விட்டது. திட்டுவதற்குக்கூட ஆளில்லை என்பதுதான் பெரிய அலுப்பாக இருந்தது.

எட்டே காலுக்கு மங்களம் கூப்பிட்டாள். "ஆட்டோ வந்துடுச்சுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவீங்கல்ல?"

சந்து முழுக்க மூட்டைகள். இரண்டு கூலியாட்கள். "ஒரு அரை மணி..." என்று இழுத்தார்.

"சரி விடுங்க. வேற தேதி கேட்டுக்கறேன்." பழகிப்போன குரல்.

சிவசங்கரன் சட்டையைக் கழற்றினார். அவள் போட்ட கோணல் மடிப்பிலேயே கவனமாக மடித்து டிரைவர் சீட்டில் வைத்தார். பிறகு முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார்.