கோமதியக்கா திறக்காத கவர்

போன திங்கட்கிழமை, என் கிளினிக்கில், என் பேச்சை, என்னிடம் வேலை பார்ப்பவரே கேட்க மறுத்துவிட்டார். அதுவும் யார் முன்னால்? கட்டடத்தின் சொந்தக்காரர் முன்னால்!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும்... சங்கரன்கோவிலில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் நான் பல் வைத்தியம் பார்க்கிறேன். கடையும் அண்ணாச்சியுடையது, மாடியும் அண்ணாச்சியுடையது. எட்டு வருஷமாக எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது.

அன்று பதினோரு மணிக்கு அண்ணாச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கடைவாய்ப் பல். ஆடுகிறது, உயிர் போகிற வலி.

"டாக்டரம்மா, இத இப்பமே புடுங்கிருங்க. மத்தியானம் மவளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. கன்னத்தப் புடிச்சிக்கிட்டா போயி நிக்க முடியும்?"

நியாயம்தானே? எக்ஸ்ரே எடுத்தேன், மரத்துப்போக ஊசி போட்டேன். வாய் மரத்ததும் கருவிக்காகக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. கோமதியக்கா எதையும் கொடுக்கவில்லை.

கோமதியக்கா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். கருவிகளைக் கழுவி, கவரில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் வைப்பது அவர் பொறுப்பு. ஆட்டோகிளேவ் என்றால் பயந்துவிடாதீர்கள் — ஆவியில் கிருமியைக் கொல்லும் மெஷின், ஏறக்குறைய நம் வீட்டு பிரஷர் குக்கர். ஒவ்வொரு கவரிலும் ஒரு ரோஸ் கலர் கோடு இருக்கும். ஆவி முறையாக ஏறினால் அது பழுப்பாக மாறும். மாறினால்தான் கவரைத் திறக்கலாம்.

"கலரு மாறல டாக்டரம்மா. பாதியில கரண்டு போயிட்டு. மொதல்ல இருந்து போடணும், முக்கா மணி நேரம் ஆவும்."

கரண்ட் போய் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன; மெஷின் மட்டும் நின்றிருக்கிறது. மற்ற செட்டுகளெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டன. கருவி தயாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊசி போட்டது என் தப்பு. அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

"பரவாயில்லக்கா... பாதி ஓடியிருக்குல்ல? இந்த ஒரு தடவை திறங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"மாட்டேன்."

அண்ணாச்சி திறந்த வாயோடு திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான டாக்டரம்மா சுவத்துல எழுதி ஒட்டுனீங்க? கலரு மாறலைன்னா யாரு கேட்டாலும் திறக்கக்கூடாதுன்னு. அந்த யாருல நீங்களும் சேத்திதான?"

சொல்லிவிட்டு, கவர்களை மறுபடி மெஷினுக்குள் அடுக்கி, கதவைப் பூட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் இருக்கச் சொன்னேன்; அண்ணாச்சி கேட்காமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மரத்த வாயோடுதான் மாப்பிள்ளை வீட்டாருக்கு வணக்கம் சொல்லியிருப்பார், பாவம்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மேலே வந்தார்.

"பல்லு கிடக்கட்டும். அந்தப் பொம்பளைய நாளையில இருந்து நான் இங்கன பாக்கக்கூடாது. டாக்டரு சொல்லுக்கு மறு சொல்லு சொல்லுதா! இவள வச்சிக்கிட்டிருந்தா உங்கள எவன் மதிப்பான்? தை மாசம் அக்ரிமென்ட் முடியுது... யோசிச்சிக்கிடுங்க."

பக்கத்து அறையில் டிரே துடைக்கிற சத்தம் நின்றுபோனது. கோமதியக்காவுக்குக் கேட்டுவிட்டது.

பல் டாக்டர் தோழி ஒருத்தியிடம் போனில் புலம்பினேன். "ஸ்டாஃபைத் தலையில தூக்கி வைக்காதே. நாளைக்கு உன்னையே மிரட்டுவாங்க" என்றாள். முன்பு ஒருமுறை நாங்கள் இருவரும் மதுரையில் ஒரு ஹோட்டலில் 'லீடர்ஷிப்' பயிற்சிக்குப் போயிருந்தோம். விஷன், மிஷன் என்று கலர் கலராகப் படம் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு பிரமாதம். ஆனால், நீங்கள் எழுதிய விதியை வைத்தே ஒருவர் உங்களைத் தடுத்தால் என்ன செய்வது? அதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கவரைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொருவர் வாயிலிருந்த கிருமி அண்ணாச்சி வாய்க்குப் போயிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது. தெரிந்த ஒரே ஆளைத்தான் வேலையை விட்டு அனுப்ப வேண்டுமாம்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகக் கடைக்கு இறங்கிப் போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குத் தப்புப் பண்ணப் பாத்தது நான். உங்களக் காப்பாத்துனது அவங்க. யாரையாவது அனுப்பணும்னா என்னையத்தான் அனுப்பணும். கட்டடம் உங்களுது. தை மாசம் காலி பண்ணச் சொன்னா பண்ணுதேன். அவங்கள அனுப்ப மாட்டேன்."

அண்ணாச்சி வாடிக்கையாளர் பக்கம் திரும்பி ஆணி எடை போட ஆரம்பித்தார். தை மாசம் என்ன ஆகும்? தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி காலியாக இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்தேன். உள்ளே ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதிதாக எழுதினேன்: 'இங்கே சுத்தம் விஷயத்தில் கோமதி சொல்வதுதான் முடிவு. டாக்டருக்கும் சேர்த்து.' கீழே கையெழுத்துப் போட்டு, நோயாளி நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டினேன். தலைமைப் பண்பு என்று யாராவது இனிமேல் என்னிடம் வகுப்பெடுக்க வந்தால், அந்தத் தாளைக் காட்டுவதாக இருக்கிறேன்.

மறுநாள் காலை. நாற்காலியில் குருவிகுளத்து விவசாயி ஒருவர் வாயைத் திறந்து காத்திருக்கிறார். போன் பேசி முடித்து, அதே கையால் கிளவுஸை எடுத்தேன்.

"டாக்டரம்மா! போனத் தொட்ட கை. கழுவிட்டு வாங்க" — நோயாளி முன்னாலேயே, கணீரென்று.

சுர்ரென்று கோபம் வந்தது. விவசாயி என்னையும் பார்த்தார், சுவரில் இருந்த தாளையும் பார்த்தார்.

போய்க் கழுவினேன்.