கையில் கொடுத்த ஊசி மிளகாய்

அம்மாவின் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மூக்கைத் துடைத்தபடி எழுந்தவர்கள்தான் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அவரது காரத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசி நாட்களில் நடந்ததை மட்டும், அவருடைய மகளாக, சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது கூனிமேட்டை அடுத்த ஒரு சிற்றூரில். மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து உப்பளக் கூலிக்குப் போனார். வீட்டைச் சுற்றி உவர் மண், கீரைகூட முளைக்காது. ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வந்த அப்பாவை நச்சரித்து, சைக்கிளில் செம்மண் வரவழைத்து, பெயின்ட் டப்பாக்களில் ஊசி மிளகாய் வைத்தார். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கூலி நின்றுவிடும். அப்போது எங்கள் கஞ்சிக்கு அந்த மிளகாய்தான் துணை. உப்பு வாரி வெடித்த விரல்கள் எரிய எரிய, செடியைத் திட்டிக்கொண்டே பறிப்பார்.

பக்கத்து வீட்டில் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி. நடுவே இடுப்புயரச் சுவர். ஒரு கோடையில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது, தண்ணீர் லாரியும் வரவில்லை. சித்தப்பா காய்ச்சலில் கிடந்தார். அம்மா மிச்சமிருந்த நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதைச் சித்தி பார்த்துவிட்டார்.

"மனுசன் குடிக்கத் தண்ணியில்லாம கெடக்கறாரு. உனுக்கு மொளகா செடி பெருசாப் போச்சா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்க வாய் வலிக்குதா?"

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் சகோதரிகள் இருவரும் அதற்குப் பிறகு பேசவேயில்லை.

மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் கீழே வைத்துத்தான் கொடுப்போம். அம்மா எப்போதும் சுவர் மேல் கொட்டாங்கச்சியில் வைப்பார். பேச்சு நின்ற பிறகும் வைத்தார். சித்தியும் எடுத்துப்போனார். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதைச் செய்யும்போது நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம்.

போன வருடம் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். ஊரே வந்து பார்த்தது. யார் வந்தாலும் அம்மாவின் கண் அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போகும். சித்தி மட்டும் வரவில்லை. அம்மாவின் மூச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. ஏக்கத்தோடே போய்விடுவாரோ என்று பயந்தேன். சித்தி மீது வந்த கோபத்தை எழுத இந்த மலர் இடமில்லை.

ஒரு நாள் காலை தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சித்தி, இடுப்பில் குடத்தோடு, வாடிக் கிடந்த மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். நான் சண்டைக்குக் கிளம்பினேன்.

"அவள உள்ள இட்டுக்கினு வா. மொளகாயும் பறிச்சாந்து குடு" என்றார் அம்மா.

சித்தி வாசற்படியைத் தாண்டவில்லை. நான் தட்டில் கொண்டுவந்த மிளகாயை அம்மா கையில் அள்ளி நீட்டினார். சித்தி பின்வாங்கினார்.

"கீழ வையிக்கா. கையில வாங்குனா சண்ட வரும்."

அம்மா மூச்சு வாங்கினார். மிளகாய் ஒவ்வொன்றாகப் பாயில் விழுந்தது. நீட்டிய கையை மட்டும் அவர் மடக்கவில்லை.

"வரட்டும்டி. சண்ட போடவாச்சும் வாயத் தொறப்ப இல்ல?"

சித்தி ஓடிவந்து அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதன்பின் அம்மா இருந்த சில நாளும் அவர்களுக்குள் சண்டைதான். கஞ்சியில் உப்பில்லை என்று ஒரு சண்டை, ஃபேனை வைத்ததற்கு ஒன்று, நிறுத்தியதற்கு ஒன்று. சண்டையின் நடுவில்தான், சித்தியின் மடியில், அம்மா அடங்கினார்.

கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், வாசலிலேயே காத்துக்கிடந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், தோள் கொடுத்த உப்பளத்துத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்று படையல் முடிந்து நீங்கள் கிளம்பும்போது, அம்மாவின் செடியில் பறித்த மிளகாயோடு சித்தி வாசலில் நிற்பார். கையில்தான் கொடுப்பார். தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.