ரெஜினாவின் அழிப்பான் பூசிய பனி

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ராஜமுருகனின் கடையில் ரெஜினா பதினோரு வருடமாகப் படங்களைத் திருத்தி வருகிறார். கடை ஒரே அறைதான். முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன், வாடிக்கையாளர்கள் நிற்க நாலடி இடம். பலகைத் தடுப்புக்குப் பின்னால் கணினியும் ஒரு சுழல் நாற்காலியும். நாற்பத்தொரு வயதில் தனக்கென்று வாய்த்த இடம் அந்த நாற்காலிதான் என்று ரெஜினா நினைத்தார். அது மிகையான நினைப்பு அல்ல. முன்பக்கம் நிற்பவர் மற்றவர் கொடுக்கும் தாளை இயந்திரத்தில் வைத்து எடுக்கிறார். பின்பக்கம் இருப்பவர் ஒரு படம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவருக்கு முன்பு அங்கே இருந்த குமரகுரு. திருப்பூருக்குப் போகும் அவசரத்தில் நான்கே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். 'எரேசர் அழிக்கவில்லை என்றால், எவ்வளவு அழுத்தம் வைத்திருக்கிறோம் என்று பார். நூறு இருக்க வேண்டும். படத்தில் எங்காவது செலக்ஷன் கட்டம் விழுந்து கிடக்கிறதா என்று பார். கிடந்தால் அதற்குள்ளே மட்டும்தான் அழியும்.' அதன் பிறகு லேயர் என்று குமரகுரு ஏதோ விளக்கினார். படத்தை ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்கள்போல அடுக்குவது என்றார். கைக்கு வருகிற படமெல்லாம் ஒரே தாளாக இருக்கும்போது அது எதற்கு என்று ரெஜினா எழுதிக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் அது தேவைப்படவும் இல்லை. சீசனில் வருகிற ஜோடிகள் பள்ளத்தாக்கு ஓரமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் பத்துப் பேர் சோளக்கருது தின்றுகொண்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக் கடைக்கு வருவார்கள். ரெஜினா ஒரு ஜூலை மாதத்து மூடுபனிப் படத்திலிருந்து சாம்பல் வெள்ளை நிறத்தை எடுத்து, கருவிப்பட்டையின் அடியில் இருக்கும் நிறக்கட்டத்தில் வைத்திருந்தார். விளிம்பு மிருதுவான எரேசரை எடுத்துத் தேய்ப்பார். சோளக்கருது தின்றவர்கள் பனிக்குள் போய்விடுவார்கள். அதற்குக் கடையில் 'மிஸ்ட் போடுறது' என்று பெயர். கொடைக்கானலில் எடுத்த படத்தில் பனி இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வேறொரு ஊரில் இந்த வேலை நடந்திருக்காது.

சிக்கல் ஸ்டிக்கர் இயந்திரத்தோடு வந்தது. ராஜமுருகன் அதைப் பொங்கலுக்குப் பிறகு வாங்கிப் போட்டார். கண்ணாடிபோன்ற தாளில் படம் அடித்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டலாம். அதற்கு முகம் மட்டும் இருக்க வேண்டும். சுற்றிலும் ஒன்றுமே இருக்கக்கூடாது. ரெஜினா அடித்த முதல் இரண்டு ஸ்டிக்கரிலும் முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று சேர்ந்து வந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று ரெஜினா சொன்னார். வாடிக்கையாளர் இருவரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ராஜமுருகன் சத்தம் போடவில்லை. மூன்றாவதும் பெட்டியோடு வந்தால் திண்டுக்கல்லில் தெரிந்த ஒரு பையனை வரவழைப்பதாகவும், ரெஜினா முன்பக்கம் ஜெராக்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் ரெஜினாவைத் தூங்கவிடவில்லை.

மூன்றாவது வேலையைக் கொண்டுவந்தவர் கஸ்பார். தாண்டிக்குடி எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவருடைய மகள் ஃபெமினா திங்கட்கிழமை மதுரைக்கு நர்சிங் படிக்கப் போகிறாள். அவள் முகத்தை ஜீப்பின் பின்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அவள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை முற்பகலில் போனிலிருந்து படத்தை அனுப்பிவிட்டு, முடியும்வரை இருப்பதாகச் சொல்லி முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பெட்டி வந்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“பெட்டி மட்டும் வேணாம் தங்கச்சி. கொண்டை ஊசில ரிவர்ஸ் எடுக்கையில எனக்குப் பின்னாடி தெரியணும். மக முகத்தப் பாத்துக்கிட்டே பள்ளத்துல விட முடியாது.”

ரெஜினா படத்தைத் திறந்தார். இரட்டைச் சடையோடு ஃபெமினா சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெளுப்பாக ஏதோ. எரேசரை வைத்துத் தேய்த்தார், ஒன்றும் அழியவில்லை. நோட்டில் எழுதியபடி அழுத்தத்தைப் பார்த்தார், நூறு. படத்தைச் சுருக்கிப் பார்த்தபோது மூலையில் கடுகளவு செலக்ஷன் கட்டம் ஒன்று கிடந்தது. அதை நீக்கினார். எரேசர் வேலை செய்தது.

தேய்த்த இடமெல்லாம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. இன்னும் தேய்த்தார். பிரஷைப் பெரிதாக்கினார், விளிம்பைக் கடினமாக்கினார். அதே சாம்பல். பனி அடர்த்தியாக விழுந்த நாளில் எடுத்த படம், அதனால்தான் போக மாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டார். பதினோரு வருடம் பனியோடு வேலை செய்தவருக்கு அப்படித்தான் தோன்றும். முக்கால் மணி நேரம் அழித்த இடத்தையே அழித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ராஜமுருகன் போனில் பேசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திண்டுக்கல்லுக்கோ என்று கை நின்றது.

கடைசியில், அலுப்பில், அன்றைக்கு ஏன் இவ்வளவு மிஸ்ட்டில் எடுத்தீர்கள் என்று கஸ்பாரிடம் கேட்டார்.

கஸ்பார் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “மிஸ்ட்டா? அது எங்க வீட்டுச் செவுருல்ல. கிறிஸ்மஸுக்கு நாந்தான் சுண்ணாம்பு அடிச்சேன். வெயிலு சுள்ளுன்னு கெடந்துச்சு அன்னிக்கு.”

ரெஜினா படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் தொடாத இடத்தில் சுவர் இருந்தது. வெடிப்பு, சுண்ணாம்பு மட்டை இழுத்த கோடு, ஓர் ஆணி. தொட்ட இடத்தில் வழவழவென்று பனி. வெயில் நாளில், சுவருக்கு முன்னால், பனி எங்கிருந்து வரும்? படத்தில் இல்லாத ஒன்று படத்தில் வந்திருந்தால் அது தன் கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கருவிப்பட்டையின் அடியில் இருந்த நிறக்கட்டத்தைப் பார்த்தார். பல வருடமாக மாற்றாத ஜூலை மாதப் பனி அதில் இருந்தது. அதை எடுத்துவிட்டு ரத்தச் சிவப்பை வைத்தார். எரேசரை ஒரு இழுப்பு இழுத்தார். ஃபெமினாவின் தோளருகே சிவப்புக் கோடு விழுந்தது.

“ஐயோ, பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்றார் கஸ்பார்.

“ஒண்ணும் ஆகலண்ணே. இந்த எரேசரு இத்தன வருசமா அழிக்கவே இல்ல. பூசிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.”

இதைச் சொன்னபோது ரெஜினாவுக்கு வெட்கம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நியாயமானது என்றுதான் சொல்ல வேண்டும். மறைப்பதும் இல்லாமல் ஆக்குவதும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். சோளக்கருது தின்றவர்களுக்கு மறைத்தாலே போதுமாக இருந்தது. அந்த வேலையில் பிழை இல்லை. கண்ணாடியில் ஒட்டும்போதுதான் வித்தியாசம் வெளியே வருகிறது. கண்ணாடிக்கு மறைப்பு உதவாது.

ஏன் பூசுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. திரையின் வலது ஓரத்தில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று இருந்தது. தினமும் பார்த்த பூட்டு. குமரகுரு சொன்ன லேயர் இதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. அடியிலுள்ள தாள் பூட்டியிருந்தால் அதைக் கிழிக்க முடியாது, அதன்மேல் பூசத்தான் முடியும். செய்ததையெல்லாம் நீக்கி, படத்தைப் பழையபடி ஆக்கி, பூட்டை ஒரு தட்டுத் தட்டினார். பூட்டு மறைந்தது. தேய்த்தார். சுவர் போய்ச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன.

“இப்ப கட்டம் போட்ட சட்டைத் துணி வருதே, இதுவும் பிரிண்டாகுமா?” என்றார் கஸ்பார்.

ஆகாது, ஒன்றுமே இல்லை என்பதை அப்படிக் காட்டுகிறது என்றார் ரெஜினா. சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் நிச்சயம் இல்லை. வழக்கம்போலச் சேமித்துத் திறந்து பார்த்தபோது கட்டங்கள் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டிருந்தது. கஸ்பார் மறுபடி முக்காலிக்குப் போய்விட்டார். ரெஜினா சேமிக்கும் வகைகளின் பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாலாவது வகையில் கட்டங்கள் அப்படியே நின்றன. படத்துக்கு அடியில் ஒரு சிவப்பு லேயரை விரித்துக்கொண்டு சடை ஓரங்களைச் சுத்தம் செய்தார். சிவப்பின்மேல் சுவரின் மிச்சம் எதுவும் ஒளிய முடியவில்லை. சாப்பிடப் போகாமல் மூன்று மணிக்கு முடித்து, சிவப்பை எடுத்துவிட்டு அடித்தார். பெட்டி இல்லை. ராஜமுருகன் ஸ்டிக்கரை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டிய பிறகு பார்க்கலாம் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததுமே ஜீப் கடைக்கு முன்னால் நின்றது. ஃபெமினா இறங்கிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி வழியே உள்ளிருந்த அவளுடைய பெட்டி படுக்கையும், அதற்கும் முன்னால் ஸ்டியரிங்கும் தெரிந்தன. நடுவில் முகம் மட்டும் மிதந்தது.

“அப்பா, என் இடது காதுத் தோட்டக் காணோம்.”

ரெஜினா கிட்டே போய்ப் பார்த்தார். உண்மைதான். சுண்ணாம்பின் மிச்சம் என்று நினைத்து வெள்ளைக்கல் தோட்டையும் துடைத்துவிட்டிருந்தார். அவர் ராஜமுருகனைப் பார்க்கவில்லை. மறுபடி செய்து தருவதாகக் கஸ்பாரிடம் சொன்னார்.

“வேணாம் தங்கச்சி. மறுபடி தொட்டா காதும் போயிரும்” என்றார் கஸ்பார். ஃபெமினா சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் ஏறினார்கள்.

ஜீப் வளைவில் இறங்கும்வரை ராஜமுருகன் படியிலேயே நின்று பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். ரெஜினா தடுப்புக்குப் பின்னால் போகாமல் ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகிலேயே நின்றார்.

“தம்பி, கொடைக்கானல்ல இருந்து ராஜமுருகன். நீங்க வர வேண்டாம்ப்பா. ஆமா, இங்கேயே முடிஞ்சிருச்சு.” போனைப் பையில் போட்டுவிட்டு ரெஜினாவைப் பார்த்தார். “தோட்டக் கவனிச்சுப் பண்ணும்மா அடுத்த தடவ. பெரும்பாறைக்காரர் ஒருத்தர் ரெண்டு பிள்ளைங்க படம் அனுப்பியிருக்காரு. வெரசா முடிக்கணுமாம்.”

ரெஜினா சரி என்று உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் காதில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தார்.